கடைசியாகச் சொன்னது

போனுக்கு வேலை கற்றுக்கொடுப்பது எளிது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள தொகையை எடு; இந்த மாதச் செலவோடு கூட்டு; பத்தாயிரத்தைத் தாண்டினால் என்னிடம் சொல். உத்தரவு இவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போனில் டாஸ்கர் என்ற செயலியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் இதை அமைத்துவிடலாம். செய்தி வந்த மறுநொடி வேலை நடக்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகையில் வங்கி போடும் கமா கணக்கைக் கெடுக்கும். அதையும் நீக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டால் சுத்தமாகக் கூட்டிவிடும். கூட்டி முடித்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அடுத்த செய்தி வரும்போது, 'இந்த மாதச் செலவா, எந்த மாதச் செலவு?' என்று முதல் நாள் வேலைக்கு வந்தவரைப் போல விழிக்கும்.

ஆட்டோமேஷனில் இறங்கும் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். போனில் 128 ஜிபி இடம் இருக்கிறது, பத்து வருடப் புகைப்படங்கள் கிடக்கின்றன, நாலு இலக்க எண் ஒன்றை நாளை வரை வைத்திருக்கத் தெரியாதா என்று எரிச்சல் வரும். இடம் இருப்பது வேறு, வைத்திருப்பது வேறு. ஒரு வேலை ஓடும்போது அதற்குத் தேவையான எண்களும் சொற்களும் வேரியபிள் என்ற பெயரில் நினைவில் எழுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றோடு அந்த நினைவும் கலைகிறது. தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

டாஸ்கரில் அப்படிச் சொல்லும் முறை வேடிக்கையானது. வேரியபிளின் பெயரை முழுக்க ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் எழுதினால் அது அந்த வேலையோடு சாகும். பெயரில் ஓர் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கினால் போதும், வேலை முடிந்த பிறகும், போனை அணைத்து எழுப்பிய பிறகும், நாமே அழிக்கும் வரைக்கும் இருக்கும். டாஸ்கரை உருவாக்கிய லீ வில்மட்டிடமிருந்து 2018-இல் போர்ச்சுகல்காரரான ஜோவாவ் டியாஸ் கைக்குச் செயலி மாறியது. அதன்பின் எத்தனையோ சேர்ந்துவிட்டன, இந்த விதி மட்டும் அப்படியே இருக்கிறது. வாழ்வும் சாவும் ஒரு ஷிஃப்ட் பொத்தானில்.

அதே செயலியின் இன்னொரு பழக்கம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். இதுவரை மதிப்பே வைக்காத ஒரு வேரியபிளைக் காட்டச் சொன்னால் அது வெற்றிடம் காட்டுவதில்லை, பூஜ்யமும் காட்டுவதில்லை. அந்த வேரியபிளின் பெயரையே அப்படியே திருப்பிச் சொல்கிறது. செலவு எவ்வளவு என்று கேட்டால் 'செலவு' என்கிறது. புதிதாக வந்தவர் இதைக் கோளாறு என்று நினைப்பார். எனக்கு இது நேர்மையாகப் படுகிறது. செலவு பூஜ்யம் என்பது ஒரு செய்தி. செலவைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்பது வேறொரு செய்தி. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் நிரல்கள்தான் உலகத்தில் அதிகம், குழப்பிக்கொள்ளும் மனிதர்களும்.

ஐபோன்காரர்களின் பாடு இன்னும் கொஞ்சம் கடினம். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் 2014 ஜனவரியில் நடத்திய ஹேக்கத்தானில் சில இளைஞர்கள் தொடங்கிய வொர்க்ஃப்ளோ என்ற செயலி அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. 2017-இல் ஆப்பிள் அதை வாங்கி, அடுத்த ஆண்டு ஷார்ட்கட்ஸ் என்று பெயர் மாற்றி வெளியிட்டது. அழகான செயலி, கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் வேலை ஓடும். ஆனால் அதிலும் வேரியபிள்களின் ஆயுள் ஓர் ஓட்டம்தான், பெரிய எழுத்து வித்தையும் கிடையாது. எனவே ஜனங்கள் கையில் கிடைத்த இடத்திலெல்லாம் எழுதி வைத்தார்கள். நோட்ஸ் செயலியில் ஒரு குறிப்பைத் திறந்து அதன் கடைசி வரியில் எண்ணைச் சேர்த்தார்கள். ஐகிளவுட் டிரைவில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை வைத்து ஒவ்வொரு முறையும் படித்து, திருத்தி, மேலேயே எழுதினார்கள். 2020-இல் டென்மார்க்கைச் சேர்ந்த சைமன் ஸ்டோவ்ரிங் டேட்டா ஜார், அதாவது தரவு ஜாடி, என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தார். ஷார்ட்கட்ஸ் கேட்டால் கொடுக்கவும் கொடுத்தால் வாங்கி வைக்கவும் மட்டுமே அது இருந்தது. பாதி உலகத்துக்குப் புரியாத தேவை, மீதிப் பேருக்குப் பெருத்த நிம்மதி.

ஃபைலில் எழுதி வைப்பவர்களுக்கு முதல் நாள் சிக்கல் ஒன்று உண்டு. பழைய எண்ணைப் படி என்று ஷார்ட்கட் தொடங்கும்; முதல் முறை ஓடும்போது ஃபைலே இருக்காது. பிழை காட்டி நின்றுவிடும். அதனால் ஃபைல் இல்லாவிட்டால் பிழை என்று சொல்லாதே என அந்தக் கட்டத்தில் ஒரு பொத்தானை அணைத்துவிட்டு, எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று ஒரு கிளை போட வேண்டும். வருடம் முழுக்க ஓடப்போகும் வேலைக்குள் ஒரே ஒரு நாளைக்கு மட்டும் தேவைப்படும் கிளை அது.

இணையமும் இப்படி மறதியோடுதான் பிறந்தது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒரே ஆள் என்பது சர்வருக்குத் தெரியாது. கூடையில் பொருளைப் போட்டுவிட்டுத் திரும்பினால் கூடையே இருக்காது. 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி குக்கி என்ற சின்னச் சீட்டைப் புகுத்தியதற்குக் காரணம் இந்த மறதிதான்.

ஏன் மறக்கும்படி வைத்தார்கள்? சோம்பலாலோ கஞ்சத்தனத்தாலோ இல்லை. மறதி ஒரு சுத்தம். ஒவ்வொரு ஓட்டமும் வெறும் கையோடு தொடங்கினால், நேற்று எது தப்பாகப் போயிருந்தாலும் இன்றைக்கு அது ஒட்டாது. டிவி பெட்டி, மோடம், லிஃப்ட், போன் எது மக்கர் செய்தாலும் வீட்டுக்கு வரும் மெக்கானிக் முதலில் சொல்வது 'ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்பதுதான். கேலிக்கு உரிய வைத்தியம்போலத் தோன்றினாலும் அதில் சரக்கு இருக்கிறது. எந்த எண் எப்போது பிசகியது என்று யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சேர்ந்துபோன நினைவு முழுவதையும் கொட்டிவிட்டால், பிசகியதும் அதோடு போய்விடும். எந்திரங்களுக்கு நாம் கண்டுபிடித்த மருந்துகளிலேயே மலிவானதும் அதிகம் பலிப்பதும் மறதிதான்.

ஒன்றை நிலையாகச் சேமிப்பது என்றால் அதை இந்த மருந்து எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பது. சரியான எண்ணை வைத்தால் ரீஸ்டார்ட்டைத் தாண்டிச் சரியாக இருக்கும். தப்பான எண்ணை வைத்தால் தப்பாகவே இருக்கும். எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் பழைய குருடி, கதவைத் திறடி. எதைச் சேமிக்கலாம் என்ற கேள்வி இங்கேதான் கனக்கத் தொடங்குகிறது.

நம் செலவுக் கணக்கையே பார்ப்போம். மாதம் பிறந்தால் கூட்டுத்தொகை பூஜ்யமாக வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒன்றாம் தேதி நள்ளிரவில் ஒரு வேலையை ஓடவிட்டு எண்ணைத் துடைப்பது. பல மாதம் ஒழுங்காக நடக்கும். ஒரு ஒன்றாம் தேதி இரவு போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்கும், அல்லது பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கும். துடைக்கும் வேலை நடக்கவில்லை. நடக்கவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. ஜூன் மாதச் செலவின் தலைமேல் ஜூலை ஏறிக்கொள்கிறது. ஆறாம் தேதியே 'வரம்பு தாண்டிவிட்டது' என்று போன் அலறும்போது, அந்த எண்ணை எந்தக் கோணத்தில் திருப்பிப் பார்த்தாலும் அது முழுக்க நல்ல எண்ணாகவே தெரியும். எங்கே பிசகியது என்பதை அது சொல்லாது.

அனுபவப்பட்டவர்கள் நள்ளிரவை நம்புவதில்லை. தொகையோடு கூடவே அது எந்த மாதத்துத் தொகை என்பதையும் எழுதி வைக்கிறார்கள். புதுச் செய்தி வந்ததும் முதல் கேள்வி: வைத்திருக்கும் மாதமும் நடக்கும் மாதமும் ஒன்றா? ஒன்றென்றால் கூட்டு. இல்லையென்றால் பழையதைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கு. போன் மூன்று நாள் அணைந்து கிடந்தாலும் இந்தக் கணக்கு தப்பாது. துடைப்பதற்கென்று யாரும் நடுராத்திரியில் விழித்திருக்க வேண்டாம், தன் காலம் முடிந்துவிட்டது என்று அந்த எண்ணே சொல்லிக்கொள்ளும். தேதி இல்லாத நினைவை நம்பவே கூடாது என்ற முடிவுக்கு நான் இப்படித்தான் வந்தேன், போனுக்கு வெளியேயும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே நிமிடத்தில் இரண்டு குறுஞ்செய்தி வந்தால்? டாஸ்கரில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதே வேலைக்கு வரும் இரண்டாவது அழைப்பு சத்தமில்லாமல் தள்ளப்பட்டுவிடும். இரண்டும் சேர்ந்து ஓடட்டும் என்று அமைத்தாலோ, இரண்டுமே பழைய 4,200-ஐப் படித்து, ஒன்று 4,500 என்றும் மற்றது 4,350 என்றும் எழுதி, பிந்தி எழுதியது முந்தியதை விழுங்கிவிடலாம். போதாக்குறைக்கு, சின்னத் தொகைகளுக்குச் சில வங்கிகள் செய்தியே அனுப்புவதில்லை. டீக்கடையில் ஜிபே செய்த பதினைந்து ரூபாய்கள் இந்தக் கணக்குக்குள் வருவதே கிடையாது. ஆக, 'இந்த மாதச் செலவு' என்று பெயர் வைத்திருக்கிறோமே, அது செலவே அல்ல. செலவைப் பற்றி வந்து சேர்ந்து, தள்ளப்படாமல், விழுங்கப்படாமல் தப்பித்த செய்திகளின் கூட்டுத்தொகை.

வீட்டில் இருக்கிறேனா என்று போன் நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். வீட்டு எல்லைக்குள் நுழைந்தால் ஒன்று என்று எழுது, வெளியேறினால் பூஜ்யம் என்று எழுது. ஒன்று இருக்கும் வரை அழைப்பு மணி சத்தமாக ஒலிக்கட்டும், பூஜ்யம் ஆனால் அதிர்வு மட்டும். ஒருநாள் வெளியேறியதை ஜிபிஎஸ் கவனிக்காமல் விட்டுவிடும். நீங்கள் திருச்சியில் ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். போன் தாம்பரத்தில் சோபாவில் இருப்பதாக உறுதியாக நம்பி, முழுச் சத்தத்தில் சினிமாப் பாட்டைப் பாடும். அதன் மேல் குற்றமில்லை. ஒன்று என்றுதான் கடைசியாக அதற்குச் சொல்லப்பட்டது.

அது தெரிந்துவிட்டால் சேமிப்பைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. சேமித்து வைத்திருப்பது உலகம் எப்படி இருக்கிறது என்பதன் பதிவு அல்ல. உலகத்தைப் பற்றிக் கடைசியாக யாரோ சொன்னதன் பதிவு. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் ஒன்றென்றே நினைத்துவிடுகிறோம்.

அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதைச் சேமிக்கவே வேண்டாம். வீட்டு வைஃபை இணைப்பில் இருக்கிறாயா என்று போனிடம் அந்த நேரத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். பேட்டரி எவ்வளவு, ஹெட்ஃபோன் மாட்டியிருக்கிறதா, இன்று என்ன கிழமை — இதெல்லாம் உலகமே தன் கையில் வைத்திருக்கும் பதில்கள். நாம் ஒரு நகல் எடுத்து வைத்தால் இரண்டு பதில் ஆகிவிடும், என்றாவது ஒருநாள் அவை சண்டை போடும். உலகம் இரண்டாம் முறை சொல்லாததை மட்டுமே எழுதி வைக்க வேண்டும். பிரஷர் மாத்திரை காலையில் போட்டாயிற்றா என்று எட்டரை மணிக்கு வயிற்றைக் கேட்டால் சொல்லாது. சிலிண்டர் எப்போது மாட்டினோம் என்று சிலிண்டரைக் கேட்டால் சொல்லாது. போட்ட கையோடு, மாட்டிய கையோடு, தேதியும் நேரமுமாகக் குறித்தால்தான் உண்டு. இந்தச் சல்லடையில் போட்டுச் சலித்தால் நாம் ஆசையாகச் சேமித்து வைத்திருக்கும் வேரியபிள்களில் முக்கால்வாசி கீழே கொட்டிவிடும்.

கொட்டுமே தவிர, கொட்ட மனம் வராது. டாஸ்கரில் வேரியபிள்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். எப்போதோ தொடங்கி நிறுத்திய வேலைகளின் மிச்சங்கள் வரிசையாக நிற்கும். டெம்ப், டெம்ப்2, புதுசு, புதுசு_கடைசி. எதற்கு என்று நினைவில்லை. அழித்தால் எது நிற்கும் என்றும் தெரியாது. எதற்கு வைத்தோம் என்பதையும் சேர்த்து எழுதி வைத்திருந்தால் இந்தப் பயமே இருக்காது. ஆனால் வைக்கும் நேரத்தில் அது நமக்குத் தெரிந்த விஷயமாயிற்றே, யார் எழுதுவார்கள்?

நிலையானது என்றவுடன் நாம் கல்லைத்தான் நினைப்போம். சோழர்கள் கோயில் சுவரில் தானத்தை வெட்டும்போது சந்திரனும் சூரியனும் உள்ள வரை நிற்கும் என்று வெட்டினார்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதையும் மறக்காமல் சேர்த்தார்கள். தேதி போடாத கல்லால் யாருக்கும் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொள்ளிடக் கரையில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் திருமழபாடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இந்தக் கதையைச் சொல்வதும் கல்வெட்டுதான்.

புதுப் போன் வாங்கும்போதெல்லாம் எனக்குத் திருமழபாடி ஞாபகம் வரும். பழைய போனில் செயலியை நீக்கினால் அது தனக்குள் வைத்திருந்த தரவும் கூடவே போய்விடும் என்பது பலருக்கு நீக்கிய பிறகுதான் தெரியும். திருமழபாடியில் தானங்களின் கணக்கைக் காப்பாற்றியது எது? கல் இல்லை, கல்லைத்தான் இடித்துவிட்டார்களே. இடிக்குமுன் உட்கார்ந்து படியெடுத்தவரும், பல வருடம் கழித்து அந்தப் படியைத் தேடி எடுத்து உளியைக் கையில் எடுத்தவரும்தான் காப்பாற்றினார்கள். நிலையாக இருப்பது என்பது ஒரு பொருளின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு வேலை. யாரோ மறுபடி மறுபடி செய்துகொண்டிருக்கும் வேலை. கல்லோ ஃபைலோ ஜாடியோ, மறுபடி எழுத ஆளில்லாவிட்டால் அதில் இருப்பது கடைசியாகச் சொன்னதோடு நின்றுவிடும். அது அழியாமல் இருக்கலாம். ஆனால் அதற்குள் உலகம் நகர்ந்துவிட்டிருக்கும்.

நமக்குள்ளும் அப்படி நின்றுபோனவை எத்தனை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்று யாரோ சொன்னதை ஐம்பது வயதிலும் வைத்திருப்பவர்கள் உண்டு. ஒரு கல்யாணத்தில் சரியாக விசாரிக்கவில்லை என்று சித்தப்பாவின் மேல் ஏற்பட்ட மனத்தாங்கலைத் தேதி கிழித்துவிட்டுப் பத்திரப்படுத்துகிறோம். தேதி இருந்திருந்தால் அது இருபது வருடத்துக்கு முந்தையது என்பதாவது உறைக்கும். நாம் ஒருவரை அறிவோம் என்று சொல்வதில் பெரும்பகுதி, அவரைப் பற்றிக் கடைசியாக எழுதியதைத் திரும்பப் படிப்பதுதான். அவரையே கேட்டுப் பார்க்கலாம். வைஃபையைக் கேட்பதைப்போல அவ்வளவு சுலபமில்லைதான், ஆனாலும் கேட்கலாம். மனிதர்கள் விஷயத்தில் உலகம் இரண்டாம் முறையும் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறது. நாம்தான் நகலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

எல்லா வீட்டிலும் இதற்கு ஓர் அத்தை இருப்பார். வருடத்துக்கொரு முறை போனால் இலையில் பொரியல் வைக்கும்போதே சொல்வார்: "உனக்கு வெங்காயம் ஆகாதுன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்." எட்டு வயதில் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஹாஸ்டல், மெஸ், வேலை, கல்யாணம் என்று ஆயிரம் கிலோ வெங்காயம் உள்ளே போயாயிற்று. அத்தை வைத்திருந்த எண்ணை யாரும் போய்த் திருத்தவில்லை. போனவர்களும் அவர் மனம் நோகக் கூடாதென்று பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்; ஒவ்வொரு முறையும் பழைய எண்ணுக்கே புதுத் தேதி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த முறை நான் சொல்லிவிட்டேன். "இப்பல்லாம் சாப்பிடறேன் அத்தை."

கரண்டியோடு நின்றவர் கோபித்துக்கொள்ளவில்லை, வருத்தப்படவும் இல்லை. "எப்பலேருந்து?" என்று கேட்டார்.